கொள்ளைநோய் நாட்களில் பயமும் விசுவாசமும்: சபையார் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, நாசரேத், வள்ளியூர், தென்காசிப் பக்கத்துச் சபைகளில் காய்ச்சல் பரவும்போதெல்லாம் எழும் கேள்விகள் இவை. கொரோனா நாட்களில் அதிகம் கேட்டார்கள். ஆனால் டெங்குவுக்கும் அம்மைக்கும் நாளைக்கு வரப்போகும் பெயர் தெரியாத காய்ச்சலுக்கும் இதே கேள்விகள்தான் வரும். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி.

பயப்படுறதே பாவம்னு சொல்லுதாங்க. அப்போ எனக்கு விசுவாசம் இல்லையா?

அப்படியில்லை. பாம்பைக் கண்டால் கால் தானாகப் பின்வாங்குகிறது. பயமும் அப்படி உடம்பு செய்கிற வேலைதான். சங்கீதம் 56:3 "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது. பயம் தீர்ந்த பிறகு நம்புவேன் என்று அதில் இல்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்கின்றன. கெத்செமனேயில் ஆண்டவரே வியாகுலப்பட்டார்; கூட விழித்திருங்கள் என்று மூன்று சீஷரைக் கேட்டார். படகில் பயந்து எழுப்பினவர்களிடமும், மாற்கு எழுதுகிறபடி, முதலில் காற்றை அதட்டி அடக்கிவிட்டு அப்புறம்தான் "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்" என்று கேட்டார்.

பயம் வருவது வேறு, பயத்தின் பேச்சைக் கேட்டு நடப்பது வேறு. பக்கத்து வீட்டுக் கிழவி தட்டினால் கதவைத் திறக்காமல் இருப்பது, மருந்துக் கடையில் உள்ளதையெல்லாம் வாங்கி அடுக்குவது, காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்து உட்காருவது, இவையெல்லாம் பயத்தின் சொல்லுக்குக் கீழ்ப்படிவது. மனந்திரும்ப வேண்டிய இடம் இதுதான்.

2 தீமோத்தேயு 1:7-ஐ எல்லோரும் மனப்பாடம் சொல்வார்கள்: "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." சொல்லும்போது பலத்தில் குரல் உயரும், அன்பில் கொஞ்சம் இறங்கும், தெளிந்த புத்தியை விழுங்கிவிடுவார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் அதிகம் தேவைப்படுவது அந்த மூன்றாவதுதான். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியவை.

("பயப்படாதே" என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. ஒரு தடவை சொல்லியிருந்தாலும் போதும்.)

வாசல்ல 91-ஆம் சங்கீதம் ஒட்டிருக்கோம். அப்போ நோய் வராதுல்லா?

ஒட்டியிருப்பதில் தவறில்லை. அதைத் தாயத்து ஆக்கினால்தான் தவறு.

"வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற பத்தாம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வனாந்தர நாட்களின் சோதனையில் இந்தச் சங்கீதத்தின் 11, 12-ஆம் வசனங்களை ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னவன் பிசாசு. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். வசனம் உண்மையானதுதான், ஆனால் அதை நம்பிக் குதிப்பது தேவனைப் பரீட்சை பார்ப்பது. முகக்கவசமும் வேண்டாம், தூரமும் வேண்டாம், 91 இருக்கிறது என்பவர் அதே உப்பரிகையில்தான் நிற்கிறார்.

இரண்டாவது, 15-ஆம் வசனம்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்தே வராது என்றால் இந்த வரிக்கு வேலையே இல்லை. சங்கீதத்தைப் பாடியவருக்கே ஆபத்து வரும் என்று தெரிந்திருக்கிறது.

எப்படி வாசிப்பது? 1-ஆம் வசனத்திலிருந்து 16 வரை ஒரே மூச்சில், சத்தமாக, சாயங்காலம் ஒரு வேளை. 10-ஐத் தனியாகப் பிய்த்து நூறு தடவை ஜபிக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டுவிட்டால் "வசனம் பொய்யாப்போச்சே" என்று இடிந்து உட்காருகிறவர்கள், பெரும்பாலும் அப்படிப் பிய்த்து வாசித்தவர்கள்தான்.

ராத்திரி படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கு. மூச்சு முட்டுது. நோய்தான் வந்துட்டோன்னு பயமா இருக்கு. என்ன செய்ய?

முதலில் இது பயமா நோயா என்று பிரியுங்கள். நெஞ்சை யாரோ அழுத்துவது போல வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, இவை இருந்தால் பயம் என்று சொல்லித் தட்டிக் கழிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு மாட்டுங்கள். நகப்பூச்சு இருந்தாலோ விரல் ஜில்லென்று இருந்தாலோ எண் தப்பாகக் காட்டும். 95-க்கு மேல் நிலையாக நின்றால், மூச்சு முட்டுவது பயத்தால் என்றிருக்க வாய்ப்பு அதிகம். 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பயத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். அந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, வேகவேகமாக மூச்சை இழுப்பது. அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை சுற்றும். "கை மரக்குதே, போச்சு" என்று பயம் இன்னும் ஏறும். செய்ய வேண்டியது நேர் எதிர்: இழுப்பது குறைவு, விடுவது நீளம்.

எழுந்து உட்காருங்கள், கால் இரண்டும் தரையில் படட்டும். நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே மனதுக்குள் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". ஆறு எண்ணும் வரை மெதுவாக விட்டுக்கொண்டே "நான் தாழ்ச்சியடையேன்". இப்படிப் பத்துத் தடவை. அடுத்த வசனத்துக்குப் போக அவசரம் வேண்டாம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு காலையில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைத் தாளில் எழுதுங்கள்: "மாத்திரை வாங்க", "மகளுக்கு போன்". அந்தத் தாளை வேதத்துக்குள் வைத்து மூடிவிட்டுப் படுங்கள்.

இன்னொரு காரியம், சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. ஜெபமே சில சமயம் கவலையாக மாறிவிடும். "ஆண்டவரே, மகனுக்கு வந்தா என்ன செய்வேன், ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காட்டா என்ன செய்வேன்" என்று அரைமணி நேரம் முழங்காலில் இருந்தால், எழும்பும்போது பயம் இரட்டிப்பாகியிருக்கும். அது விண்ணப்பம் இல்லை, ஒத்திகை. பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை "ஸ்தோத்திரத்தோடே" சேர்க்கிறது. ஆகவே ஒரு பயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தில் இன்று கிடைத்த ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள், தண்ணீர் வந்தது, காய்ச்சல் 100-க்குக் கீழே இறங்கியது என்று பேர் சொல்லி. மூன்று பயம், மூன்று நன்றி, ஆமென். ஐந்து நிமிஷம் போதும்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காபி வேண்டாம். ஏழு மணிக்கு மேல் சாவுக் கணக்கு வாசிக்கும் செய்தியும் வேண்டாம்.

குடும்ப ஜெபத்துல பிள்ளைகள் பயப்படாம இருக்க என்ன பண்ணணும்?

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரு கீர்த்தனை, ஒரு சிறிய சங்கீதம் (23, 121, 46 நல்லவை), நோயாளிகளின் பேர், கர்த்தருடைய ஜெபம். பேரைச் சொல்லும்போது "ரொம்ப சீரியஸாம்" என்று விவரம் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் அந்த ஒரு சொல்லோடுதான் படுக்கப் போவார்கள். "தாத்தா செத்துப்போவாங்களா?" என்று கேட்டால் மாட்டார் என்று சத்தியம் பண்ணிவிட வேண்டாம். "டாக்டர் பார்க்கிறாங்க, நாம ஜெபிக்கிறோம், என்ன நடந்தாலும் உன்கிட்ட மறைக்க மாட்டோம்" என்று சொல்வதை விட ஆறுதல் வேறில்லை.

மருந்து சாப்பிடுறதும் தடுப்பூசி போடுறதும் விசுவாசக் குறைவுதானே?

எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாய் வியாதிப்பட்டபோது ஜெபித்தார், அழுதார், பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே அதிகாரத்தில் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே படுக்கையில். பவுலோடு ஊழியத்தில் திரிந்த லூக்கா வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் எழுதிச் சொன்னது வசனம் இல்லை, மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம்.

நம் சீமையிலும் இப்படித்தான். நாசரேத்தில் 1870-களிலேயே சுவிசேஷ ஊழியத்தோடு மருத்துவ ஊழியமும் நடந்தது. அங்கே ஊழியம் செய்த மிஷனெரி மர்காஷிஸ் ஐயர் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஜெப வீட்டோடு ஆஸ்பத்திரியும் கட்டினார். ஜெபம் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தச் சுவர்கள் எழும்பியிருக்காது.

தடுப்பூசி 666 முத்திரை என்று சொல்லுகிறவர்கள் வெளிப்படுத்தல் 13-ஐ நிதானமாக வாசிக்கட்டும். அங்கே முத்திரை வலது கையிலோ நெற்றியிலோ, மிருகத்தை வணங்குகிறவர்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா புஜத்தில் போடும் ஊசிக்கு யாரும் யாரையும் வணங்கச் சொல்வதில்லை. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கொண்டுபோன பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பிறகு இல்லை, 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. அதற்காக ஸ்தோத்திரம் சொல்வதுதான் விசுவாசம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உபவாச ஜெபம் என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது. பயத்தில் அதிகம் நடக்கிற, அதிகம் ஆபத்தான தவறு இது. உபவாசம் இருக்க ஆசையானால் டி.வி.யையும் போனையும் உபவாசியுங்கள்.

வீட்ல ஒருத்தருக்குக் கண்டுட்டு. பயமில்லாம எப்படிப் பார்த்துக்கிடுறது?

என்ன செய்வதென்று தெரியாத இடத்தில்தான் பயம் பெருகும். வேலையைப் பிரித்துவிட்டால் பாதி இறங்கும்.

கவனிக்க ஒருவர் மட்டும். எல்லோரும் மாறி மாறி எட்டிப் பார்ப்பது பாசம்தான், ஆனால் எல்லோருக்கும் பரவும். அறுபதைத் தாண்டியவர்களையும் கர்ப்பிணியையும் அந்த வேலைக்கு விடாதீர்கள். மூச்சு வழியாகப் பரவும் நோயானால் நோயாளிக்குத் தனி அறை. தனி அறை இல்லாத வீட்டில் ஜன்னல் பக்கத்துக் கட்டில். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றுப் பட்டால் காய்ச்சல் கூடும் என்று சாத்தி வைப்பது பழைய பழக்கம், தொற்றுக்கு அதுதான் வசதி. ஒதுக்கி வைப்பதை அன்பில்லாத காரியமாக நினைக்க வேண்டாம். லேவியராகமம் 13-லேயே ஆசாரியன் சந்தேகப்பட்டவனை ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடியும் பார்க்கிறான். திருத்தமான விதி அது: ஒதுக்கி வை, நாள் குறி, திரும்ப வந்து பார். அந்த மூன்றாவது இல்லாமல் ஒதுக்கினால்தான் கொடுமை.

ஒரு நோட்டில் தேதி, நேரம், காய்ச்சல், கொடுத்த மாத்திரை, போன மூத்திரம் எத்தனை தடவை என்று எழுதுங்கள். மருத்துவருக்கு இந்த நோட்டுப் போல உதவுவது வேறில்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்; பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். ஈரல் கோளாறு உள்ளவர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரினும் புரூஃபென் வகை வலி மாத்திரையும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும்.

வயிற்றுப்போக்கானால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கைக்குத் தோன்றினபடி போடக்கூடாது, கூடினால் சிறு பிள்ளைக்கு ஆபத்து. நொய்க் கஞ்சியும் பயறுத் துவையலும் நல்லது. கருப்பட்டி போட்ட சுக்குக் காபி தொண்டைக்கு இதம். அது மருந்தில்லை, இதம் மட்டும்தான்.

டெங்குவில் ஒரு கண்ணி உண்டு. 2012-ல் கடையநல்லூர்ப் பக்கமெல்லாம் அது பரவியதை இந்தச் சீமை மறக்காது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்; "ஸ்தோத்திரம், விட்டுட்டு" என்று சாட்சி சொல்லிவிடுவார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிட்டுத் துவண்டுபோதல், இதில் ஒன்று கண்டாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே போங்கள். நிலவேம்புக் கஷாயம் குடித்திருக்கிறோம் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். சாட்சியைக் காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளுக்கு மேல் சொல்லலாம்.

கவனிக்கிறவருக்கும் தூக்கம் வேண்டும். சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவிடம் தூதன் முதலில் பேசியது உபதேசம் இல்லை. எழுந்து சாப்பிடு என்றான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், திரும்பத் தூங்க விட்டான்.

அம்மை போட்டா மருந்து குடுக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுப் பெரியவங்க சொல்லுதாங்க. நாம கிறிஸ்தவங்கதானே?

மூன்று நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற வீடுகளிலும் இந்தப் பயம் போகவில்லை. மருந்து கொடுத்தால் கோபம் வரும் என்ற பயம்; யாருடைய கோபம் என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சப்படுவார்கள். சின்னம்மை ஒரு வைரஸ். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை பரவும். பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடுமையாகும், அவர்களுக்குக் கொப்புளம் கண்ட முதல் 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. தாமதம் பண்ணாமல் கேளுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தினமும் குளிப்பாட்டலாம். வேப்பிலை விரித்துப் படுக்க வைப்பதைக் குறித்துப் பெரியவர்களோடு சண்டை வேண்டாம். மருந்தைத் தடுப்பதற்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோயிலுக்கே போக முடியலைன்னா? திருவிருந்து இல்லாம எத்தனை நாள்?

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு வந்தது, ஏப்ரல் 12 ஈஸ்டர். அதிகாலை ஆராதனை இல்லாத உயிர்த்தெழுந்த பண்டிகையை இந்தச் சீமையில் யாரும் கண்டதில்லை. அந்த ஏக்கம் சரியானதுதான், சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற எபிரெயர் 10:25 இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சபை கூடிவருதலை விட்டுவிடுவது வேறு, ஒருவருக்கொருவர் நோயைக் கொடாதபடி சில வாரம் தள்ளி நிற்பது வேறு.

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவான 1947-க்கு முன்னே நம் கோயில்களில் நடந்த ஆராதனை ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தின்படி. 1662-ல் வந்த அந்தப் புத்தகம் கொள்ளைநோய்க் காலத்துக்கே ஒரு விதி வைத்திருக்கிறது: தொற்றுக்குப் பயந்து அக்கம்பக்கத்தார் யாரும் நோயாளியோடு சேர்ந்து நற்கருணை எடுக்க வர முடியாதபோது, நோயாளி கேட்டுக்கொண்டால் குருவானவர் மட்டும் அவரோடு எடுக்கலாம். நோயின் கடுமையால் வாயில் வாங்கவே முடியாதவர் மெய்யாய் மனந்திரும்பி விசுவாசித்தால், வாய் பெறாவிட்டாலும் ஆத்துமா பெறுகிறது என்றும் சொல்லியிருக்கிறது. பிளேக் கண்டவர்கள் எழுதிவைத்த விதிகள் இவை. நாம்தான் முதல் தலைமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோயில் திறந்த பிறகும் நோய் இருந்தால்: குருவானவர் ஜெபத்துக்கு முன் எல்லோரும் பார்க்கச் சோப்பால் கை கழுவட்டும். அப்பத்தை நாக்கில் வைக்காமல் உள்ளங்கையில் போடட்டும். ஒரே பாத்திரத்துக்குப் பதில் சிறு கிண்ணங்கள், பயன்படுத்திய பின் சோப்பிலும் கொதிநீரிலும் கழுவ வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் அப்பம் மட்டும் பெற்றாலும் அது அரைகுறைத் திருவிருந்து ஆகாது. சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் ஒன்றும் ஆகாது. பெரிய பானையில் ஆக்கி ஆட்கள் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், அது அசனத்தைவிட நன்றாகவே அமையும்.

வீடுகளை விசாரிக்க ஒரு திட்டம். பத்து வீட்டுக்கு ஒருவர், தினமும் ஒரு போன், மூன்று கேள்வி: காய்ச்சல் உண்டா, எத்தனாவது நாள்? சாப்பிட்டீங்களா? மருந்து, சாமான் ஏதும் வேணுமா? பிறகு இரண்டு வசனம், ஒரு சிறு ஜெபம். நாலு நிமிஷம். ஒரே ஆள் நாற்பது வீட்டை எடுத்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும். பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, தனியாக இருக்கும் தாய் தகப்பன்மாரைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். போன் எடுக்காவிட்டால் அரைமணி நேரத்துக்குள் யாராவது போய் வாசலில் நின்று கூப்பிட வேண்டும்.

நோயாளியைப் பார்க்கப் போகலாமா? என்ன பேசணும்?

தேவைப்பட்டால் போகலாம், சும்மா எட்டிப் பார்க்கப் போகக்கூடாது. 1527-ல் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தபோது திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் ஊரை விட்டு ஓடவில்லை. மருந்து எடுப்பேன், காற்றைச் சுத்தமாக்குவேன், என் தேவை இல்லாத இடத்துக்குப் போய் நோயைப் பரப்ப மாட்டேன், ஆனால் அயலானுக்கு நான் தேவை என்றால் தயங்காமல் போவேன் என்ற கருத்தில் எழுதினார். இதற்கு மேல் ஒரு விதி தேவையில்லை.

பத்து நிமிஷம் போதும். திண்ணையிலோ ஜன்னலுக்கு வெளியிலோ நின்று பேசலாம். யாக்கோபு 5:14-ன்படி எண்ணெய் பூச வேண்டுமானால், கூட இருக்கிற வீட்டாரே பஞ்சில் தொட்டுப் பூசட்டும், மூப்பர் வாசலில் நின்று ஜெபிக்கட்டும். ஜெபத்தில் நோயாளியின் பேர் வர வேண்டும், நோயின் பேர் வர வேண்டியதில்லை.

"ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள், உங்களுக்குத் தெரியாது. "இதே மாதிரிதான் மாமாவுக்கும்…" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். "எதும் பாவம் இருந்தா அறிக்கை பண்ணிடுங்க" என்பது காய்ச்சலோடு கிடப்பவன் தலையில் கல்லை ஏற்றுவது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்தான். வாயைத் திறந்தார்கள், கெட்டது.

இது தேவன் குடுத்த தண்டனையா?

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைத் தாமே எடுத்துப் பேசியபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார் ஆண்டவர் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் குறித்துக் கேட்டபோதும் அவன் பாவமும் இல்லை, பெற்றவர் பாவமும் இல்லை என்றார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சமும் காலராவும் வந்தபோது பக்தன், பாவி என்று பார்த்து வரவில்லை. குடிதண்ணீர் எங்கே கெட்டதோ அங்கே வந்தது. எனவே "யார் பாவம்" என்ற கேள்வியை விட்டு "எந்தக் கிணறு" என்ற கேள்வியைக் கேளுங்கள்.

வாட்ஸ்ஆப்புல தீர்க்கதரிசனம்னு ஒரு வாய்ஸ் வந்திச்சு. கேட்டதுல இருந்து தூக்கமே இல்ல.

உபாகமம் 18:22-ஐப் போட்டுப் பாருங்கள்: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவனுக்கு நீ பயப்பட வேண்டாம். தேதி, ஊர், சொன்னவர் பேர் மூன்றும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். "பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால்" என்று முடிந்தால் அது தீர்க்கதரிசனம் இல்லை, மிரட்டல். அழித்துவிடுங்கள்.

நாங்க எவ்வளவோ ஜெபிச்சோம். இறந்துட்டாங்க. எங்க விசுவாசம் பத்தலையா?

இல்லை. எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தான் (பிலிப்பியர் 2). துரோப்பீமுவைப் பவுல் வியாதியுள்ளவனாகவே மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). ஜெபித்தவர் ஒரே பவுல்தான். ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டார், அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார். டோனாவூர் முழுவதும் அவருக்காக ஜெபித்திருக்கும். சுகம் வரவில்லை. விசுவாசம் பத்தாத இடம் அது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். வேதத்தில் ஏறக்குறைய ஆறுதலே இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதைத் தேவனை நோக்கித்தான் பாடியிருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது வேறு வசனம் வாயில் வராவிட்டால் அது போதும்.

அடக்க ஆராதனைக்கு ஐந்து பேர்தான் வர முடிந்தது, முகம் பார்க்க முடியவில்லை என்றால் அந்தத் துக்கம் தொண்டையில் நிற்கும். நாற்பதாம் நாளோ வருஷ நாளோ கல்லறைத் தோட்டத்தில் முழு ஆராதனை வையுங்கள். தொற்றுக்காக எரித்துவிட்டவர்களுக்கு உயிர்த்தெழுதல் இல்லையோ என்று கேட்கிறார்கள். மண்ணிலிருந்து உண்டாக்கினவருக்குச் சாம்பல் ஒரு கஷ்டமில்லை.

பயத்துக்கு டாக்டரிடம் போகணுமா? பிசாசின் கட்டுன்னு சொல்லுதாங்களே?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டுப் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், கையைத் தோல் உரியும் வரை கழுவினால், அடுப்படி வேலையோ பீடிச் சுற்றலோ கணக்கு வழக்கோ எதுவும் ஓடாவிட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்தால் தேவலை என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. மருந்தும் ஜெபமும் சேர்ந்து போகட்டும். கட்டு அவிழ்க்கிறேன் என்று அடிப்பவரிடமும் பட்டினி போடுபவரிடமும் கூட்டிப்போகாதீர்கள்.

நோய் குறைஞ்சிட்டு. எல்லாரும் கோயிலுக்குப் போறாங்க. எனக்கு இன்னும் வாசலைத் தாண்டப் பயமா இருக்கு.

ஒரேயடியாகப் பண்டிகை நாளில் போக வேண்டாம். முதல் இரண்டு நாள் தெருமுனை வரை நடந்து திரும்புங்கள். மூன்றாம் நாள் கடை, ஒரே ஒரு சாமான். அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை, கோயிலில் யாரும் இல்லாத மத்தியானத்தில் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். படபடப்பு வந்தால் அது இறங்கும் வரை உட்கார்ந்திருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் அடுத்த தடவை இன்னும் கஷ்டமாகும். அதற்கடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு, கதவுப் பக்கத்துக் கடைசி வரிசை. கூட வருவதற்கு ஒரு ஆளைக் கேளுங்கள், பத்து வீட்டுக்குப் போன் பண்ணினவரே வருவார். முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.